ஸ்லாட் கார் டயர்: வாங்கும்போதும் ஒப்பிடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன செவ்வாய்க்கிழமை நண்பரின் மகனை எங்கள் கிளப்புக்கு அழைத்துப் போயிருந்தேன். பதினாறு வயசு, இரண்டு மாதமாகத்தான் ஸ்லாட் கார் ஓட்டுகிறான். பெட்டியைத் திறந்ததும் உள்ளே நான்கு ஜோடிப் பின் டயர்கள், நான்கும் வேறு வேறு கம்பெனி. "அங்கிள், நாலையும் போட்டுப் பார்த்துட்டேன், ஒண்ணுலயும் கிரிப் இல்ல. அஞ்சாவதா எதை வாங்கலாம்?" என்று கேட்டான். இதே கேள்வியை இதே மேசைக்குப் பக்கத்தில் நின்று நானும் கேட்டிருக்கிறேன். அன்று எனக்குக் கிடைத்த பதிலை அவனுக்குச் சொன்னேன். அப்புறம் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஸ்லாட் கார் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டிராக்கில் வெட்டிய பள்ளத்துக்குள் காரின் மூக்கில் இருக்கும் கைடு இறங்கியிருக்கும், பள்ளத்தின் இரு பக்கமும் இருக்கும் உலோகப் பட்டையிலிருந்து மின்சாரம் எடுத்து மோட்டார் ஓடும், கையில் இருக்கும் கன்ட்ரோலரால் வேகத்தை மட்டும்தான் நாம் கட்டுப்படுத்துகிறோம். 1957இல் இங்கிலாந்தில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் செட் வந்ததிலிருந்து இந்தப் பொழுதுபோக்கு வீட்டுக்குள்ளும் கிளப்களிலும் இருக்கிறது. நாங்கள் ஓட்டுவது 1:32 அளவு, அதாவது நீளத்தில் நிஜக் காரில் 32இல் ஒரு பங்கு. கார் 75, 80 கிராம்தான் இருக்கும். பின் சக்கரம் இரண்டும்தான் காரைத் தள்ளுகின்றன, வளைவில் பிடித்து நிறுத்துவதும் பெரும்பாலும் அவைதான். அதனால் டயர் சரியில்லை என்றால் மற்ற எதைச் சரிசெய்தும் பிரயோஜனம் இல்லை.

டயரைத் துடைக்காமல் ஓட்டுவது, ரிம் அளவு பார்க்காமல் வாங்குவது, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒருநாள் ஓட்டினால் தானாகவே புரிந்துவிடும். நான் சொல்ல வருவது தானாகப் புரியாதவற்றை.

வட்டமாக்காத டயரை வைத்து ஒப்பிடுவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு. அதிகப் பணத்தைத் தின்றதும் இதுதான்.

பாக்கெட்டிலிருந்து எடுக்கும் டயர் வட்டமாக இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அப்படி இருப்பது அபூர்வம். அச்சில் வார்த்த ரப்பரில் அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு வரி தூக்கிக்கொண்டிருக்கும். அதைப் பிளாஸ்டிக் ரிம்மில் மாட்டினால் ரிம்மின் கோணலும் சேர்ந்துகொள்ளும். ஆக்சிலில் லேசான வளைவு இருந்தால் அதுவும் கூடும். கையில் சுற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் 20 மில்லிமீட்டர் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 63 மில்லிமீட்டர் ஓடுகிறது. கார் வினாடிக்கு 5 மீட்டர் ஓடினால் அந்தச் சக்கரம் வினாடிக்கு 80 தடவை சுற்றும். டயரில் ஒரே ஒரு மேடு இருந்தால் வினாடிக்கு 80 தடவை பின்பக்கத்தைத் தூக்கிப் போடும். டிராக்கைத் தொடாத நேரத்தில் உலகத்திலேயே நல்ல ரப்பருக்கும் பிடிப்பு கிடையாது.

என் கதையைச் சொல்கிறேன். சேர்ந்த முதல் வருஷம் காரோடு வந்தது போக எட்டு மாதத்தில் ஆறு ஜோடி வாங்கினேன். முதலில் காரோடு வந்த ரப்பர், அப்புறம் இன்னும் மிருதுவான ரப்பர், அப்புறம் யூரிதேன் என்ற செயற்கைப் பொருள், அதிலும் இரண்டு கம்பெனி. ஒவ்வொன்றையும் மாட்டி, பத்துச் சுற்று ஓட்டி, "இது பரவாயில்லை, இது மோசம்" என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டை வைத்து மற்றவர்களுக்கு ஆலோசனைகூடச் சொன்னேன். ஒருநாள் எங்கள் கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர், வாழ்நாள் முழுவதும் லேத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் காரை வாங்கிப் பின் சக்கரத்தை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து மெல்ல உருட்டினார். கண்ணாடிக்கு அடியில் இருந்து பார்க்கச் சொன்னார். டயர் அழுந்தும் இடத்தில் கருப்பாக ஒரு பட்டை தெரியவேண்டும். எனக்குத் தெரிந்ததோ உள் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு, அதுவும் பாதிச் சுற்றில் காணாமல் போய்விட்டது. நான் ஒதுக்கிப் போட்டிருந்த முதல் ஜோடியை, காரோடு இலவசமாக வந்ததை, அவர் ரிம்மில் ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தார். அன்றைக்கு அந்த ஆறு ஜோடியில் எதுவும் தராத நேரத்தை அது தந்தது. எட்டு மாதமாக நான் ஒப்பிட்டது ரப்பரை இல்லை, எந்த ஜோடி எவ்வளவு கோணலாக வந்தது என்பதைத்தான். அந்த நோட்டில் ஒரு வரிகூடப் பயன்படவில்லை. அதை நம்பி வாங்கியவர்களின் பணமும் போனது, அதுதான் இன்னும் மனதை உறுத்துகிறது.

அதனால் முதலில் ஆக்சிலைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். விதி அனுமதித்தால் பின்பக்கத்துக்கு அலுமினிய ரிம் போடுங்கள், டயருக்குச் செலவழிப்பதைவிட இது பலன் தரும். அடுத்து டயரை ரிம்மில் ஒட்டவேண்டும். ரப்பருக்கும் யூரிதேனுக்கும் சூப்பர் குளூ போதும், ஓரத்தைத் தூக்கி அங்கங்கே ஒரு பொட்டு வைத்து, காய்வதற்குள் ஒரு சுற்றுச் சுற்றி டயரைச் சமமாக உட்கார வையுங்கள். ஒட்டாத டயர் வேகத்தில் ரிம்மை விட்டு உப்பும், வளைவில் பக்கவாட்டில் நகரும். அதைத் தேய்த்தும் பயனில்லை.

அப்புறம் தேய்ப்பது. இதற்கென்றே ஹூடி போன்ற மெஷின்கள் இருக்கின்றன, கிளப்பில் ஒன்று இருந்தால் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சமமான பலகையில் 180 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, மோட்டாருக்கு 5, 6 வோல்ட் மட்டும் கொடுத்து, பின் சக்கரம் தாளை மெல்லத் தொடும்படி காரைப் பிடியுங்கள். அழுத்தவே கூடாது. அழுத்தினால் ரப்பர் சூடாகிப் பிசுபிசுத்துக் கிழியும், மோட்டாரும் சூடாகும். கொஞ்சம் தேய்த்து, ஆறவிட்டு, மறுபடி. தேய்க்கும் முன் டயர் முழுக்க மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எங்கே மை அழியாமல் இருக்கிறதோ அது இன்னும் பள்ளம். மை மொத்தமும் போன பிறகு 400, அப்புறம் தண்ணீர் தொட்டு 600. வெளி ஓரத்தை மட்டும் லேசாக உருட்டிவிடுங்கள், கூர்மையாக விட்டால் கார் சறுக்கும்போது அந்த ஓரம் டிராக்கில் மாட்டிக் காரைக் கவிழ்க்கும்.

கடைசியில் காலிபரை எடுத்து இரண்டு டயரையும் உள் ஓரத்திலும் வெளி ஓரத்திலும் அளந்து பாருங்கள். நான்கு அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். இத்தனைக்கும் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தைச் செலவழிக்க மனசில்லாமல்தான் எல்லோரும் அடுத்த பாக்கெட்டை வாங்குகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

விட்டம் மாறியதை மறப்பது

தேய்த்ததும் 20 மில்லிமீட்டர் டயர் 19 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் 5 சதவீதம் குறைந்துவிட்டது. 11 பல் பினியனோடு (மோட்டார் தண்டில் இருக்கும் சின்ன கியர்) ஆக்சிலில் 28 பல் கியர் போட்டிருந்தால், அதை ஏறக்குறைய 29.5 பல் ஆக்கியதற்குச் சமம். கார் அரை மில்லிமீட்டர் தாழ்ந்தும் போயிருக்கும். இப்போது கார் வளைவிலிருந்து வெடுக்கென்று கிளம்புகிறது என்றால் அதை டயரின் கலவைக்குப் புகழாக எழுதிவிடக் கூடாது. இரண்டு டயரை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே விட்டத்துக்குத் தேய்த்த பிறகுதான்.

காந்தத்தோடு டயரைச் சோதிப்பது

காரின் அடியில் இருக்கும் காந்தத்தைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

சரி, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஸ்கேலெக்ஸ்ட்ரிக் டிராக்கின் பட்டை காந்தத்தில் ஒட்டும், அதனால் காரைக் கீழே இழுத்துப் பிடிப்பது காந்தமே, டயருக்குப் பாதி வேலைதான். எங்கள் கிளப்பில் இருப்பது மர டிராக், செம்புப் பட்டை. செம்பைக் காந்தம் இழுக்காது. அந்தப் பையன் வீட்டில் காந்தத்தோடு நான்கு ஜோடியையும் ஓட்டிப் பார்த்து, நான்கும் ஒன்றுபோல இருக்கிறது என்று முடிவு கட்டி, கிளப்புக்கு வந்ததும் நான்கும் மோசம் என்று மாற்றிக்கொண்டான்.

ஒரே ஒரு தடவை மாற்றிப் பார்த்து முடிவு செய்வது

பழைய டயரில் 9.4 வினாடி, புது டயரில் 9.3, ஆகவே புதுசு நல்லது. இப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள். மறுபடி பழையதை மாட்டி ஓட்டிப் பாருங்கள். அது 9.2 என்று வந்து நிற்கும். ஓட ஓட டிராக்கில் தூசி போகிறது, ரப்பர் படிகிறது, டயர் சூடேறுகிறது, நம் கையும் பழகுகிறது. எல்லாச் சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாக வேகமாகிக்கொண்டேதான் வரும், அதில் புது டயரின் பங்கு என்ன என்று ஒரு தடவையில் தெரியாது. பழையது, புதியது, பழையது என்ற வரிசையில் ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே லேன், அதே வோல்டேஜ். முதல் பத்துச் சுற்றைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த இருபதை நேரப்படி வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள். ஒரே ஒரு அதிவேகச் சுற்றைப் பார்த்து மயங்காதீர்கள், பந்தயம் ஐந்து நிமிடம் ஓடும்.

சிலிகோனையும் ரப்பரையும் ஒரே டிராக்கில் கலப்பது

சிலிகோன் டயர் கெட்டது இல்லை. சுத்தமான, வழவழப்பான டிராக்கில், எல்லோரும் அதையே போடும் இடத்தில், அது அபாரமாகப் பிடிக்கும், தேயவும் தேயாது. ஆனால் ரப்பர் படிந்த டிராக்கில் அது அழுக்கைச் சேர்த்துக்கொண்டு வழுக்கும். அதைவிட மோசம், அது விட்டுப்போகும் வழவழப்பில் அடுத்து வரும் ரப்பர் டயரும் வழுக்கும். ஒரு தடவை விருந்தாளியாக வந்த ஒருவர் மூன்றாம் லேனில் ஒரு மணி நேரம் சிலிகோனில் ஓட்டிவிட்டுப் போனார். அன்று அந்த லேன் யாருக்குச் சீட்டில் விழுந்ததோ அவருக்கெல்லாம் பந்தயம் போச்சு. துடைத்து, ரப்பரில் ஓட்டி ஓட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே அந்த மாலை முடிந்தது. பல கிளப்களில் சிலிகோன் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். வேறு கிளப்புக்குப் போகும்போது காரை இறக்கும் முன் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, சிலிகோன் சூப்பர் குளூவில் ஒட்டாது, உப்புத்தாளிலும் ஒழுங்காகத் தேயாது. எனவே வட்டமான ரிம் இல்லாமல் அதை வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்தவர் டிராக்கின் முடிவை நம் டிராக்குக்கு எடுத்துக்கொள்வது

நின்கோ டிராக் சொரசொரப்பு, மிருதுவான டயரைச் சீக்கிரம் தின்றுவிடும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் வழவழப்பு. பெயின்ட் அடித்த மர டிராக் அந்தப் பெயின்டைப் பொறுத்தது. ஸ்லாட்.இட், என்.எஸ்.ஆர் போன்ற இத்தாலியக் கம்பெனிகள் ஒரே அளவு டயரைப் பல கலவைகளில் விற்பதற்குக் காரணமே இதுதான். எது சிறந்தது என்று கேட்காதீர்கள், உங்கள் டிராக்கில் ஜெயிப்பவர் எதைப் போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். முக்கியமாக, அதை எப்படித் தேய்த்தார் என்றும்.

பிடிப்பு கூடினால் வேகம் கூடும் என்று நினைப்பது

ஓரளவுக்குத்தான். உயரமான, ஒடுக்கமான பழைய கால ராலி காருக்கு மிக மிருதுவான டயரைப் போட்டால் அது வளைவில் சறுக்காது, சறுக்குவதற்குப் பதில் உருண்டுவிடும். சறுக்கும் காரைக் கன்ட்ரோலரை விட்டால் மீட்கலாம், கவிழ்ந்ததை மீட்க முடியாது. அந்த மாதிரிக் காருக்கு ஒரு படி கெட்டியான டயர்தான் என் தேர்வு. அகலமும் அப்படியே: 11 மில்லிமீட்டர் டயரில் 6 மில்லிமீட்டர்தான் டிராக்கைத் தொடுகிறது என்றால் மீதி வெறும் சுமை.

முன் டயருக்கும் பிடிப்புத் தேடுவது

வேண்டாம். நெயில் பாலிஷ் பூசி வழுக்க விடுங்கள், திருப்புவது கைடுதான்.

எண்ணெய் தடவுவது

பந்தயத்துக்கு முன் ரப்பரில் எண்ணெய் தடவி ஊறவைப்பவர்கள் உண்டு. ரப்பர் மிருதுவாகும், கூடவே உப்பும், பாடுபட்டு ஆக்கிய வட்டம் போய்விடும், டிராக்கும் அழுக்காகும். பல இடங்களில் விதியே தடுக்கிறது.

காரைச் சக்கரத்தில் நிற்க வைத்தே எடுத்து வைப்பது

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு அந்தப் பையனுடைய நான்கு ஜோடியில் இரண்டை ஒட்டித் தேய்த்து முடித்தோம், மீதி இரண்டு அடுத்த வாரத்துக்கு. கிளம்பும்போது காரை அப்படியே பெட்டிக்குள் நிற்க வைத்தான். மிருதுவான டயர் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தியிருந்தால் அந்த இடம் தட்டையாகிவிடும். வயிற்றுக்கு அடியில் ஒரு சின்ன மரக்கட்டையை வைத்து, பின் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நிற்கும்படி செய்து மூடிக் கொடுத்தேன்.