பழைய எம்ஜிபி வாங்கப் போகிறீர்களா? பெயிண்ட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தவர்களில் நிறைய பேர் கடைசியில் போய் நிற்பது ஒரு எம்ஜிபி முன்னால்தான். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார். உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. 1,798 சிசி எஞ்சின் எளிமையானது, பழைய வண்டி தெரிந்த எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடுவார். தெரியாத ஆளிடம் வாங்கி அவதிப்படுவானேன், டீலரிடமே வாங்கிவிடலாம் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் டீலர் எல்லாம் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்று நம்பி, நாம் பார்க்க வேண்டியதை விட்டுவிடுகிறோமே, பணம் போவது அங்கேதான்.

இந்தக் காருக்குத் தனியாக சேஸி கிடையாது. பாடியே மொத்த எடையையும் தாங்குகிறது. அதிலும் மேல்கூரை இல்லாத ரோட்ஸ்டரில், இரண்டு கதவுகளுக்கும் அடியில் நீளமாக ஓடும் பெட்டி போன்ற இரும்புப் பகுதிதான் உயிர்நாடி. ‘சில்’ என்பார்கள். வெளியே தெரிவது ஒரு தகடு மட்டும். உள்ளே இன்னும் சில அடுக்குகள் உண்டு. மழைநீரும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் உள்ளே தங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். முறையாகச் சரிசெய்ய, முன், பின் மட்கார்டுகளின் அடிப்பகுதியை அறுத்து எடுத்து, உள் அடுக்குகளையும் மாற்றி, முழு நீளத்துக்கும் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். பல ஆயிரம் பவுண்டு பிடிக்கும் வேலை. அதற்குப் பதில் துருவின் மேலேயே புதுத் தகடு ஒன்றைப் பற்றவைத்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்தால் ஷோரூம் விளக்கில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு, கதவின் பின்விளிம்பில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கலாம். அப்புறம் அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கச் சொல்லி, கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் சுலபமாகத் திறந்த கதவு இப்போது உரசினாலோ இறுகினாலோ உள்ளே பலம் இல்லை. மெல்லிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, சக்கரங்களுக்குப் பின்னால், மட்கார்டின் அடிப்பகுதியில் நகர்த்துங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது. சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கி, பேட்டரிப் பெட்டிகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். காரை லிஃப்டில் ஏற்றிக் காட்ட டீலர் தயங்கினால் அடுத்த காரைப் பார்க்கப் போகலாம். பெயிண்ட் மங்கி, எஞ்சின் லேசாகப் புகைந்தாலும் பாடி கெட்டியாக இருக்கும் காரையே நான் எடுப்பேன். பாடி வேலையோடு ஒப்பிட்டால் எஞ்சின் வேலை மலிவு.

எஞ்சின் விஷயத்தில் ஒன்று முக்கியம்: நீங்கள் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் ஸ்டார்ட்டிங் தொல்லையும் முதல் புகையும் மறைந்துவிடும். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சூடான பிறகு, ஓட்டத்தில் ஆயில் பிரஷர் முள் 50 பிஎஸ்ஐ-க்கு மேல் நின்றால் நல்லது. ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருப்பதாகச் சொன்னால் நான்காவது கியரில் போட்டுப் பாருங்கள். ஆர்பிஎம் ஐந்தில் ஒரு பங்கு போல உடனே இறங்க வேண்டும்.

வெளிக்குத் தெரியாத இன்னொரு பெரிய தவறு, விற்பவர் யார் என்று கேட்காமல் விடுவது. பழைய கார் டீலர்கள் பலர் வேறொருவரின் காரை கமிஷனுக்கு விற்றுத்தர நிறுத்தியிருப்பார்கள். காரை டீலரே தன் சரக்காக விற்றால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை. பெரிய குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன்பின் ஆறு மாதம் வரை, குறை விற்கும்போதே இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. “இருக்கிற நிலையில் விற்கப்பட்டது” என்று ரசீதில் எழுதி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் உரிமையாளருக்காக டீலர் விற்றுக்கொடுக்கிறார் என்றால் அது தனிநபர் விற்பனை, இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். ரசீதில் விற்பவர் என்று யார் பெயர் வரும் என்பதை விலை பேசும் முன்பே கேளுங்கள். காரின் வயதையும் சட்டம் கணக்கில் எடுக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

2018 மே முதல், 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு எம்ஓடி சோதனை, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திரச் சோதனை, கட்டாயமில்லை. அதனால் பல கார்கள் பல வருஷமாக யார் கண்ணிலும் படாமல் ஓடுகின்றன. கட்டாயம் இல்லையென்றாலும் சோதனை செய்துகொள்ளத் தடையில்லை. புதிதாக ஒரு எம்ஓடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதைப் பேரத்திலேயே வைக்கலாம். பழைய சோதனைகளில் எதெதற்குத் தோற்றது என்பதை அரசு இணையதளத்தில் 2005 வரை பின்னோக்கிப் பார்க்க முடியும். ‘சில்’ அரித்திருக்கிறது என்று ஒரு வருஷம் எழுதியிருந்து, அந்த வேலைக்கு டீலரிடம் பில்லோ ஃபோட்டோவோ இல்லை என்றால் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எம்ஜிபிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானவை. பின்னாளில் திரும்பி வந்து வலதுபக்க ஸ்டீயரிங்குக்கு மாற்றப்பட்டவை நிறைய. அதில் குற்றமில்லை. கலிஃபோர்னியா கார் என்றால் துரு குறைவாகக்கூட இருக்கும். ஆனால் “ஆரம்பத்திலிருந்தே இங்கே இருந்த கார்” என்று விலை சொன்னால், கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தரும் ஹெரிடேஜ் சான்றிதழைக் கேளுங்கள். தயாரான தேதி, அசல் நிறம், எஞ்சின் எண், எந்த நாட்டுக்குப் போனது எல்லாம் அதில் இருக்கும். பம்பரும் இப்படித்தான். 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தது, காரின் உயரமும் கூடியது. அதற்குப் பிந்திய கார் குரோம் பம்பரோடு நின்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். உயரத்தைக் குறைக்காமல் பம்பரை மட்டும் மாற்றியவர்களும் உண்டு.

எல்லாம் பிடித்துப் போனால், முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பாமல் கிரெடிட் கார்டில் கொடுங்கள். காரின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், சிறிய தொகையைக் கார்டில் கட்டியிருந்தாலும் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் கார்டு நிறுவனத்தையும் சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. வெளி மெக்கானிக்கின் சோதனையில் காரில் குறை தெரிந்தால் முன்பணம் திரும்ப வரும் என்பதையும் அதே ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.