மேக்கர்கிட்டயே நேரா எலெக்ட்ரிக் கிட்டார் சொல்லி செய்யறது எப்படி: காசை எங்க போடணும், எங்க போடக்கூடாது

கடையில தொங்குற கிட்டார் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா இறக்கி வாசிச்சு பாத்துட்டு, இதுல கலர் நல்லாருக்கு நெக் குண்டா இருக்கு, அதுல நெக் சூப்பர் ஆனா பிரிட்ஜ் புடிக்கலன்னு வெறுங்கையோட வீட்டுக்கு வர்ற கேஸா நீங்க? அப்ப இது உங்களுக்குதான். பெரிய கம்பெனிங்களோட கஸ்டம் ஷாப் பக்கம் போனா நாலாயிரம் அஞ்சாயிரம் டாலர்னு ஆரம்பிப்பாங்க, அது நமக்கு ஆகாது. நடுவுல ஒரு வழி இருக்கு, செமி கஸ்டம். பாடி ஷேப்பும் டிசைனும் அவங்களோடது, ஆனா மரம், ஃப்ரெட் (நெக் மேல குறுக்க இருக்கற உலோகக் கம்பி), பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வ சிக்னலா மாத்தறது), கலர், பிரிட்ஜ் (பாடில ஸ்ட்ரிங் உக்கார்ற பகுதி) இதெல்லாம் ஓட்டல் மெனு மாதிரி நாம பொறுக்கிக்கலாம். நடுவுல கடைக்காரர் கிடையாது, அவருக்கு போக வேண்டிய மார்ஜின்லதான் நமக்கு இந்த சொகுசே கிடைக்குது.

அமெரிக்காவுல இந்த ரூட்ல ரொம்ப நாளா வண்டி ஓட்டுறது கீசல் குடும்பம். லோவெல் கீசல்னு ஒருத்தர் 1946ல கலிஃபோர்னியாவுல பிக்கப் செய்ய ஆரம்பிச்சாரு, அப்புறம் தன்னோட பசங்க கார்சன், கேவின் ரெண்டு பேர் பேரையும் ஒட்டி கார்வின்னு பேர் வச்சாரு. கேட்டலாக் அனுப்பி தபால்லயே ஆர்டர் வாங்கின கம்பெனி அது, இன்டர்நெட் வர்றதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே. ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த், ஜேசன் பெக்கர் எல்லாம் அவங்க கிட்டார் வாசிச்சவங்க. 2015ல கிட்டார் பிசினஸ் தனியா பிரிஞ்சு கீசல் கிட்டார்ஸ் ஆச்சு, இப்ப எஸ்கான்டிடோல ஃபேக்டரி. அவங்க சைட்ல பில்டர்னு ஒன்னு இருக்கும், க்ளிக் பண்ண பண்ண கிட்டாரும் மாறும் விலையும் ஏறும். ராத்திரி 11 மணிக்கு மேல அத திறக்காதீங்க, அனுபவத்துல சொல்றேன்.

சரி விஷயத்துக்கு வருவோம். பில்டரை திறக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒன்னு இருக்கு. ஊர்ல டெய்லர்கிட்ட போனா என்ன கேப்பாரு? அளவு சட்டை கொண்டு வந்தீங்களான்னுதான. அதே கதைதான் இங்கயும். உங்க கைக்கு இதுவரைக்கும் ரொம்ப நல்லா இருந்த கிட்டார் எது, உங்களோடதோ ஃப்ரெண்டோடதோ கடையில வாசிச்சதோ, அதோட அளவு எல்லாத்தையும் எழுதி வச்சுக்கோங்க. நட்டுல இருந்து (நெக் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற சின்ன பட்டை) 12வது ஃப்ரெட் வரைக்கும் டேப் வச்சு அளந்து ரெண்டால பெருக்குனா ஸ்கேல் லெங்த், அதாவது ஸ்ட்ரிங் அதிர்ற நீளம். பெரிய கம்பெனிங்கள்ல ஃபெண்டர்ல 25.5 இன்ச், கிப்சன்ல 24.75ன்னு சொல்வாங்க, பிஆர்எஸ் ரெண்டுக்கும் நடுவுல 25. ஸ்கேல் நீளமானா அதே ஸ்ட்ரிங் கொஞ்சம் டைட்டா இருக்கும், கம்மியானா தொளதொளன்னு பெண்ட் பண்ண ஈசி. நட் அகலம், ஒன்னாவது ஃப்ரெட்லயும் பன்னெண்டாவது ஃப்ரெட்லயும் நெக் எவ்வளவு தடிமன்னு ஒரு காலிப்பர் வச்சு பாத்துக்கோங்க. ஃபிங்கர்போர்டு ரேடியஸ் (விரல் வைக்கற பலகையோட வளைவு) மட்டும் அந்த மாடலோட ஸ்பெக்ல பாத்தா போதும்.

ரேடியஸ் பத்தி கொஞ்சம் நிறுத்தி பேசணும், ஏன்னா நம்மாளுங்க நிறைய பேர் இத கண்டுக்கறதே இல்ல. பழைய ஃபெண்டர் 7.25 இன்ச், அதாவது நல்லா வளைஞ்ச போர்டு, கார்டு புடிக்க சுகமா இருக்கும் ஆனா ஆக்‌ஷன (ஸ்ட்ரிங் ஃப்ரெட்டுல இருந்து நிக்கற உயரம்) கீழ இறக்கிட்டு மேல் ஃப்ரெட்ல பெருசா பெண்ட் பண்ணா நோட் செத்துப்போகும். 12, 14, 16ன்னு போகப்போக போர்டு தட்டையாகும், பெண்ட் சுத்தமா வரும். கிட்டார்ல கமகம் ட்ரை பண்றவங்க, கிட்டார்ல கர்நாடக சங்கீதம் வாசிக்கற பிரசன்னா மாதிரி வாசிக்கணும்னு ஆசைப்படறவங்க, தட்டை போர்டும் உயரமான ஃப்ரெட்டும்தான் கேளுங்க, ரெண்டு சுரம் தள்ளி இழுத்தாலும் ஸ்ட்ரிங் வழுக்காம விரலுக்குள்ள நிக்கும்.

இப்ப நான் சொல்ல வந்த மெயின் மேட்டர். மெனுல இருக்கற எல்லாத்தையும் ரெண்டு கூடையா பிரிங்க. பின்னால மாத்த முடியாதது ஒரு கூடை, ஸ்க்ரூ ட்ரைவரும் சால்டரிங் அயர்னும் இருந்தா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாத்திடலாம்ங்கறது இன்னொரு கூடை. ஸ்கேல், ரேடியஸ், நெக் ஷேப், ஃப்ரெட் சைஸ், ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட்டா இல்லையா, ட்ரெமொலோவா (கம்பிய அழுத்தினா சுருதி ஏறி இறங்கற பிரிட்ஜ்) ஃபிக்ஸ்டு பிரிட்ஜா, நெக்கோட பின்பக்கம் பளபளப்பா சாட்டினா, இதெல்லாம் முதல் கூடை. காசு இங்க போகணும். ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் லேசுல தேயாது, சாதா நிக்கல் ஃப்ரெட் தேஞ்சு பின்னாடி ரீஃப்ரெட் பண்ண, அதாவது புது ஃப்ரெட் போட, நூத்துக்கணக்குல டாலர் கேப்பாங்க, அதனால ஆரம்பத்துலயே போட்டுடறது லாபம். பிக்கப், ட்யூனர், நாப், ஸ்ட்ராப் லாக் எல்லாம் ரெண்டாவது கூடை, ஸ்டாண்டர்டா வர்றத வச்சு வாசிங்க, புடிக்கலன்னா செகண்ட்ஸ்ல வாங்கி மாத்திக்கலாம். ஃப்ளாய்ட் ரோஸ் (ஸ்ட்ரிங்க பூட்டி வைக்கற ஒரு வகை ட்ரெமொலோ) போடறவங்க மட்டும் நல்லா யோசிங்க, அதுக்கு பாடில பள்ளம் வெட்டிடுவாங்க, அப்புறம் ஃபிக்ஸ்டு பிரிட்ஜுக்கு திரும்பறது நடக்காத காரியம். ட்யூனிங் அடிக்கடி மாத்தி வாசிக்கறவங்களுக்கு அது தலைவலி.

இதுல மூணாவதா ஒரு கூடை இருக்கு, கண்ணுக்கானது. ஃப்ளேம் மேப்பிள் டாப், பர்ள் இன்லே, கலர் மேல கலர், அதுக்கு மேல கோல்டு ஹார்டுவேர். பில் எகிறறது இங்கதான். நான் முதல் தடவை ஒரு சின்ன மேக்கர்கிட்ட சொன்னப்போ பச்சை டாப், ஓரத்துல ஊதா, கோல்டு பிரிட்ஜுன்னு ஸ்க்ரீன்ல பாத்து சொக்கிப்போய் ஆர்டர் போட்டேன், பெட்டிய திறந்தா மாட்டுப்பொங்கலுக்கு கொம்புக்கு பெயிண்ட் அடிச்ச மாதிரி ஒன்னு படுத்திருக்கு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல, சொன்னதத்தான் செஞ்சாரு. மரத்துக்கு மரம் சாயம் உறிஞ்சற விதம் வேற, மானிட்டர்ல தெரியற கலர் வேற. அதனால அவங்க ஏற்கனவே செஞ்சு அனுப்பின கிட்டாரோட போட்டோ, முடிஞ்சா வெயில்ல எடுத்தது, அதப் பாத்து அதே காம்பினேஷன சொல்லுங்க.

மரத்தால சவுண்டு மாறுமான்னு கேட்டா அந்த சண்டைக்கு நான் வரல. ஆனா வெயிட் மாறும், அது நிஜம். ரெண்டு மணி நேரம் நின்னு வாசிச்சா தோள் சொல்லும். எட்டு பவுண்டுக்கு கீழ வேணும்னா ஆர்டர்லயே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க, சிலர் ஒத்துப்பாங்க சிலர் கேரண்டி இல்லன்னுடுவாங்க. எடை கம்மியான ஸ்வாம்ப் ஆஷ் முன்ன மாதிரி ஈசியா கிடைக்காது, அந்த மரத்த ஒரு வண்டு அரிச்சுக்கிட்டு வருது, 2020ல ஃபெண்டரே ஆஷ் யூஸ் பண்றத குறைச்சுட்டாங்க.

ஆர்டர் போடற அன்னைக்கு ரிட்டர்ன் பாலிசிய வரிவரியா படிங்க, போன வருஷம் எவனோ வீடியோல சொன்னத நம்பாதீங்க. கார்வின் காலத்துல இருந்து பத்து நாள் ட்ரையல்னு ஒன்னு பிரபலம், ஆனா சில ஆப்ஷன தொட்டாலே அது போயிடும், மெனுல இல்லாதத ஸ்பெஷலா கேட்டா கேக்கவே வேணாம், திரும்ப எடுத்துக்க மாட்டாங்க. நியாயம்தான, பச்சை ஊதாவ அவங்க யார் தலையில கட்டுவாங்க. இதே காரணத்துனால செகண்ட் ஹேண்டுல வித்தாலும் அடிமாட்டு விலைதான் வரும். முதல் ஆர்டர்னா ரிட்டர்ன் பண்ண முடியற ஆப்ஷனுக்குள்ளயே நின்னுக்கோங்க. பில்டர்ல செஞ்சத சேவ் பண்ணிட்டு ரெண்டு வாரம் மறந்துடுங்க, திரும்ப போய் பாக்கறப்போ பாதி ஆப்ஷன் எதுக்குன்னே தோணாது.

அப்புறம் ஃபோன் பண்ணுங்க. வெப்சைட்ல கார்டு போட்டுட்டு உக்காராதீங்க, சேல்ஸ் ஆள் ஒருத்தர் இருப்பாரு, அவர்கிட்ட உங்க அளவு சட்டைய சொல்லுங்க, இந்த கிட்டாரோட நெக் எனக்கு புடிக்கும், உங்க எந்த மாடல் அதுக்கு கிட்ட வரும்னு. அட்வான்ஸ் எவ்வளவு, அது திரும்ப வருமா, எத்தன நாள்ல மாத்தம் சொல்லலாம், கேஸ் விலையில சேர்த்தியா, ஷிப்பிங், சேல்ஸ் டேக்ஸ் எல்லாம் சேத்து கடைசி தொகை என்ன, இத்தனையும் மெயில்ல வாங்கிக்கோங்க. பத்து வாரம்னு சொன்னா பதினஞ்சுன்னு மனசுல வச்சுக்கோங்க.

பெட்டி வந்ததும் அவசரப்படாதீங்க. குளிர்காலம்னா அப்படியே ஒரு ராத்திரி வீட்டுக்குள்ள மூடியே கிடக்கட்டும், சில்லுன்னு இருக்கற கிட்டார திடீர்னு சூட்டுல வச்சா ஃபினிஷ் விரியலாம். திறக்கறப்போ போட்டோ எடுத்துக்கிட்டே திறங்க. ஒன்னாவது ஃப்ரெட்ல கேப்போ (ஸ்ட்ரிங்க அழுத்திப் புடிக்கற கிளிப்) போட்டு கடைசி ஃப்ரெட்ல ஸ்ட்ரிங்க அழுத்துங்க, 7, 8வது ஃப்ரெட் கிட்ட ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு இடைவெளி இருந்தா நெக் நல்லாருக்குன்னு அர்த்தம். ரொம்ப வளைஞ்சிருந்தா பதறாதீங்க, வழியில ஈரப்பதம் மாறினா அப்படி ஆகும், ட்ரஸ் ராட (நெக்குக்குள்ள அதோட வளைவ சரி பண்ற இரும்புக் கம்பி) கால் சுத்துக்கு மேல ஒரே தடவையில திருப்பாம சரி பண்ணலாம். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொரு ஃப்ரெட்லயும் வாசிங்க, போரடிச்சாலும் வாசிங்க, மேல் ஃப்ரெட்ல பெண்ட் பண்ணுங்க, ஸ்விட்ச், பாட் (வால்யூம், டோன் திருகு) எல்லாம் கரகரங்குதான்னு பாருங்க. ட்ரையல் நாள் ஓடிக்கிட்டிருக்கு, இத முதல் நாளே முடிங்க.

பட்ஜெட் இன்னும் டைட்டுன்னா வாஷிங்டன் மாநிலத்துல வார்மத்னு இருக்காங்க, பாடியும் நெக்கும் நீங்க கேட்ட மாதிரி தனித்தனியா செஞ்சு அனுப்புவாங்க, மாட்டறதும் செட்டப் பண்றதும் உங்க பொறுப்பு. கைவேலை புடிக்கும்னா அது தனி சுகம், புடிக்காதுன்னா டெக்னீஷியனுக்கு குடுக்கற காசுல மிச்சம் புடிச்சது போயிடும்.

இந்தியாவுக்கு எடுத்துட்டு போற ஐடியா இருந்தா ஃபிங்கர்போர்டு மரத்தையும் யோசிச்சு எடுங்க. ரோஸ்வுட் இனம் மொத்தமும் 2017 ஜனவரில சைட்டிஸ் (அழியற நிலையில இருக்கற செடி, விலங்கு வியாபாரத்த கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல ஏறி பேப்பர் வேலை பெரிய தொல்லையா இருந்துச்சு, 2019 நவம்பர்ல செஞ்சு முடிச்ச இசைக்கருவிக்கு விலக்கு குடுத்துட்டாங்க. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு கிடையாது, அந்தப்பக்கமே போகாதீங்க. மேக்கருங்க இந்தியன் ரோஸ்வுட்னு கூடுதல் காசு வாங்கிட்டு குடுக்கறது நம்ம மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான்னு தெரிஞ்சப்போ எனக்கு சிரிப்பு வந்துச்சு. நான் மேப்பிள் போர்டே எடுத்துட்டேன், இன்வாய்ஸ் பிரிண்ட் அவுட் ஒன்னு கேஸுக்குள்ள எப்பவும் கிடக்கு, ஏர்போர்ட்ல கேட்டா காட்டறதுக்கு.