ஃபைபர்கிளாஸ் பேட் போடுறப்போ எங்க தப்பு நடக்குது? பாக்கெட்ல போட்டிருக்கற ஆர் நம்பர் ஏன் சுவருக்குள்ள வர்றதில்ல?

ஃபைபர்கிளாஸ் பேட், அதாவது வெப்பத்த தடுக்க சுவருக்குள்ளயும் சீலிங் மேலயும் வைக்கற கண்ணாடி இழை மெத்தை, போடுறது பாக்க ரொம்ப ஈஸியா இருக்கும், மெத்தைய வெட்டி சந்துல சொருகற வேலைதானேன்னு தோணும், அதனாலயே சைட்ல அன்னைக்கு யாரு சும்மா நிக்கறாங்களோ அவங்க கைல கத்திய குடுத்து இந்த வேலைய ஒப்படைச்சுடுவாங்க. மறுநாள் ஜிப்சம் போர்டு ஏறிடும், உள்ள என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. கரண்ட் பில் வந்தப்புறம் "இன்சுலேஷன் போட்டும் பிரயோஜனமே இல்லீங்க"ன்னு பொருள் மேல பழி விழும். பெரும்பாலும் பொருள் மேல தப்பு இருக்காது, போட்ட விதத்துலதான் இருக்கும்.

முதல்ல ஒரு விஷயம் மண்டைல ஏறணும். வெப்பத்த தடுக்கறது கண்ணாடி இழை இல்ல, அந்த இழைக்குள்ள சிக்கி நகர முடியாம நிக்கற காத்து. அந்த காத்துக்கு இடமில்லாம அமுக்கினாலும் போச்சு, காத்து ஒரு பக்கம் நுழைஞ்சு இன்னொரு பக்கம் ஓடினாலும் போச்சு, காத்து இருக்க வேண்டிய இடத்துல தண்ணி நின்னாலும் போச்சு. கீழ சொல்ற எல்லா தப்பும் இந்த மூணுல ஏதோ ஒண்ணுலதான் வந்து நிக்கும்.

அமுக்கறத பாப்போம். "தடிமனா வாங்கி அழுத்தி திணிச்சா இன்னும் நல்லா தடுக்கும்ல?"ன்னு நிறைய பேரு கேக்கறாங்க. பாக்கெட்ல இருக்கற ஆர் வேல்யூங்கறது வெப்பத்த எவ்ளோ தடுக்கும்ங்கற அளவு, நம்பர் கூட இருந்தா தடுப்பும் கூட. ஆர்-19னு வர்ற சாதாரண பேட் 6.25 இன்ச் தடிமன், அத 5.5 இன்ச் சுவர்ல போட்டா ஆர்-18 கிட்ட கிடைக்கும், பரவால்ல. அதையே 3.5 இன்ச் சுவர்ல திணிச்சா ஆர்-13 தான். அந்த ஆர்-13க்கு 3.5 இன்ச்லயே கம்மி விலைல பேட் இருக்கு, அதுக்கும் மேல வேணும்னா அதே தடிமன்ல அடர்த்தியா செஞ்ச ஆர்-15 இருக்கு. அமுக்கினா காசுதான் அமுங்கிப் போகும். அதோட பேட் பின்னாலேந்து தள்ளிக்கிட்டே இருக்கறதால போர்டு அடிக்கறவங்க உங்கள திட்டுவாங்க, அது தனி.

அடுத்தது இடைவெளி. என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்துலயும் பெரிய தப்பு, ஆனா ரொம்ப சின்னதா தெரியறதால யாரும் கண்டுக்கறதில்ல. ஒரு கணக்கு போட்டு காட்றேன். சீலிங் மேல ஆர்-38 போட்டிருக்கீங்க, அதுல 100க்கு 5 பங்கு இடத்துல மட்டும் பேட் இல்ல, வெறும் போர்டும் காத்தும் சேர்ந்து ஆர்-2னு வெச்சுக்கோங்க. வெப்பம் போற அளவு பாக்கணும்னா பரப்ப ஆர் வேல்யூவால வகுக்கணும். 0.95ஐ 38ஆல வகுத்தா 0.025. 0.05ஐ 2ஆல வகுத்தா அதுவும் 0.025. பாத்தீங்களா, 95 பங்கு இடத்துல போற வெப்பமும் அந்த 5 பங்கு ஓட்டைல போற வெப்பமும் ஒரே அளவு! ரெண்டையும் கூட்டினா 0.05, 1ஐ அதால வகுத்தா மொத்தமா ஆர்-20 தான் மிச்சம், கிட்டத்தட்ட பாதி காலி. ஓட்டைக் குடத்துல தண்ணி ரொப்பின கதைதான்.

இந்த 5 பங்கு எங்கேந்து வருதுன்னு தெரியணும்னா போர்டு அடிக்கறதுக்கு முன்னாடி சுவர் பக்கத்துல போய் நின்னு டார்ச்ச சாய்ச்சு அடிச்சு பாருங்க. மேல் மூலைல பேட் எட்டாம அரை இன்ச் கருப்பா தெரியும். ஸ்விட்ச் பாக்ஸ் இருக்கற இடத்துல பேட் அப்படியே பாக்ஸுக்கு பின்னால மடங்கி சுருண்டு கிடக்கும், அதச் சுத்தி ஒரு கை போற அளவு பொந்து. சுவருக்கு குறுக்க ஓடற வயர் முன்னால பேட்ட வெச்சு அழுத்தியிருப்பாங்க, வயருக்கு பின்னால காத்து சுத்தறதுக்கு ஒரு குழாய் மாதிரி சந்து. சரியா பண்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, பேட்ட தடிமன் வாக்குல கையாலயே ரெண்டா பிரிக்கலாம், பாதி வயருக்கு பின்னால பாதி முன்னால போகும். பாக்ஸுக்கு அதோட அளவுக்கு முன்பக்கம் வெட்டி எடுத்துட்டு அந்த துண்ட பாக்ஸ் பின்னால வெச்சுடுங்க. நீளம் வெட்டும்போது அரை இன்ச் கூட வெச்சு, நேரான பலகைய மேல போட்டு அமுக்கி புது பிளேடால ஒரே இழுப்பு. மழுங்கின பிளேடு வெட்டாது, பிச்சு எடுக்கும்.

ஆபீஸ், கடை மாதிரி கமர்ஷியல் பில்டிங்ல இதுக்கு ஒரு ஸ்பெஷல் தப்பு இருக்கு. ஸ்டட்னா சுவருக்குள்ள செங்குத்தா நிக்கற சட்டம். மர ஸ்டட்டுக்கு 15 இன்ச் அகல பேட், இரும்பு ஸ்டட்டுக்கு 16 இன்ச் அகல பேட், ரெண்டும் வேற. இரும்பு ஸ்டட் சி வடிவத்துல உள்ள காலியா இருக்கும், பேட் அந்த குழிக்குள்ளயும் போய் நிறையணும், அதுக்குத்தான் முழு அகலம். மிச்சமிருக்குற மர ஸ்டட் பேட்ட கொண்டாந்து இதுல மாட்டினா ஒவ்வொரு ஸ்டட் பக்கத்துலயும் ஒரு சந்து, அப்புறம் கொஞ்ச நாள்ல பேட் சரிஞ்சு கீழ உக்காந்துடும். சரியாவே போட்டாலும் இரும்பு வெப்பத்த சும்மா கடத்தி விட்டுடும்ங்கறத மறந்துடாதீங்க. 16 இன்ச்சுக்கு ஒண்ணா 3.5 இன்ச் இரும்பு ஸ்டட் நிக்கற சுவர்ல ஆர்-13 போட்டா நிஜமா ஆர்-6 அளவுதான்னு ஆஷ்ரே 90.1ங்கற அமெரிக்க கட்டட எனர்ஜி ஸ்டாண்டர்டோட டேபிளே சொல்லுது. அதனால வெளிச்சுவர்னா ஸ்டட்டுக்கு வெளிப்பக்கம் தொடர்ச்சியா ஒரு ஃபோம் போர்டோ ராக்வூல் போர்டோ இல்லாம பேட்ட மட்டும் நம்பாதீங்க.

சத்தத்துக்காக பேட் போடறவங்களுக்கும் ஒண்ணு. ஒரு ஆபீஸ்ல மீட்டிங் ரூம் சுவர் முழுக்க அழகா பேட் போட்டு மூடினோம், திறந்த அன்னைக்கே பக்கத்து ரூம்ல பேசறது வார்த்தை வார்த்தையா கேக்குது. சுவர் ஃபால்ஸ் சீலிங்கோட நின்னுடுச்சு, அதுக்கு மேல ரெண்டு ரூமுக்கும் ஒரே வெட்டவெளி. சத்தம் ஏறி குதிச்சு வந்துடுச்சு. சுவர் மேல ஸ்லாப் வரைக்கும் போயிருக்கணும், ஓரமெல்லாம் சீலன்ட் அடிச்சிருக்கணும், அதுக்கப்புறம்தான் பேட் பத்தி பேசணும். நான் அன்னைக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு.

பேட் காத்த தடுக்காது. ஓட்டைய பேட் வெச்சு அடைச்சா அது ஃபில்டர் மாதிரி தூசிய புடிச்சு கருத்துப் போகும், காத்து போய்க்கிட்டேதான் இருக்கும். வயர், பைப் போற துளையெல்லாம் முதல்ல ஃபோமோ கால்க்ங்கற அடைப்பு பேஸ்ட்டோ வெச்சு அடைங்க. அதே நேரம் காத்து போக வேண்டிய இடத்த அடைக்காதீங்க, சரிவான கூரையோட ஓரத்துல இருக்கற காத்து துவாரத்த பேட் மூடிடாம ஒரு தடுப்பு வெச்சு குறைஞ்சது 1 இன்ச் வழி விடணும்.

ஒரு பக்கம் பழுப்பு கிராஃப்ட் பேப்பர் ஒட்டி வர்ற பேட்ல குழப்பம் ஜாஸ்தி. அந்த பேப்பர் ஈரக்காத்து உள்ள போறத குறைக்கறதுக்கு, அழகுக்கு இல்ல. குளிரான ஊர்ல அது வீட்டுக்குள்ள பாக்கற பக்கம் வரணும். வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர்ல ஏசி ஓடற வீட்டுக்குள்ள பக்கம் பேப்பர் வெச்சா, வெளிலேந்து வர்ற ஈரம் அந்த குளிர்ந்த பேப்பர்ல பட்டு தண்ணியா மாறி சுவருக்குள்ளயே நிக்கும், அங்க பேப்பர் இல்லாத பேட்டே நல்லது. பழைய பேட் மேல இன்னொரு அடுக்கு போடறீங்களா, மேல் அடுக்குல பேப்பர் இருக்கவே கூடாது, ஈரம் நடுவுல மாட்டிக்கும். முக்கியமா அந்த பேப்பர் தீப்பிடிக்கும். ஸ்டோர் ரூம்தானேன்னு திறந்தாப்புல விட்டுடாதீங்க, போர்டு போட்டு மூடணும். மூட முடியாத இடத்துக்குன்னே தீ பரவாத ஃபாயில் ஒட்டின பேட் வருது.

தீன்னதும் ஞாபகம் வருது, சீலிங்குக்குள்ள பதிச்ச லைட். ஐசி ரேட்டிங், அதாவது இன்சுலேஷன் பட்டாலும் பரவால்லங்கற முத்திரை, இருந்தா பேட் தொடலாம், இல்லாத லைட்டுக்கு 3 இன்ச் விலகி இருக்கணும். பேட்டுக்கு ஒண்ணும் ஆகாது, வெறும் கண்ணாடி எரியாது, ஆனா சூடு வெளிய போக வழியில்லாம லைட்டும் வயரும் வெந்துடும்.

நனைஞ்ச பேட்ட "காஞ்சிடும் சார்"னு சொல்லி மூடறது இன்னொரு வழக்கம். இழை தண்ணிய உறிஞ்சாது, ஆனா நடுவுல பிடிச்சு வெச்சுக்கும், மூடின சுவருக்குள்ள அது காய ரொம்ப நாளாகும், அதுக்குள்ள மரத்துலயும் பேப்பர்லயும் பூஞ்சை வந்துடும். கூரை ஒழுகலையா, மரம் காஞ்சிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் பேட்ட உள்ள கொண்டு வாங்க.

அரிப்பு பத்தி சொல்லாம விட்டா பாவம். முழுக்கை சட்டை, கிளவுஸ், கண்ணாடி, என்95 மாஸ்க், இதுல எதையும் விடாதீங்க. முடிச்சதும் தேய்க்காம தண்ணில அலசுங்க, அந்த துணிய மத்த துணியோட சேத்து துவைக்காதீங்க, வீடே சொறியும். கேன்சர் வரும்னு பயப்படறவங்களுக்கு, ஐஏஆர்சிங்கற உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2001ல இந்த வகை கண்ணாடி இழைய மறுபடி ஆராய்ஞ்சு 3வது பிரிவுக்கு, அதாவது மனுஷங்களுக்கு கேன்சர் உண்டாக்கும்னு வகைப்படுத்த முடியாததுங்கற பிரிவுக்கு மாத்திட்டாங்க. அதுக்காக மாஸ்க் இல்லாம போகாதீங்க, தொண்டை ரெண்டு நாளைக்கு கரகரன்னு இருக்கும்.

கான்ட்ராக்டர்கிட்ட விட்டுட்டீங்கன்னா, போர்டு ஏறறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நீங்களே போய் ஒவ்வொரு சுவரையும் அளக்கற டேப் வெச்சு போட்டோ எடுத்துக்கோங்க. நீங்க வரப்போறீங்கன்னு காலைலயே சொல்லிடுங்க, மூலையெல்லாம் தானா நிறைஞ்சிருக்கும்.