‘லக்கே இல்லப்பா’ என்று மாமா சொன்னால்: கேமுக்குக் கருத்துக் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளச்சேரியில் ஒரு மாடி அறை, மூன்று பேர், இரண்டு லேப்டாப். நாங்கள் செய்துகொண்டிருக்கும் கேம் இதுதான்: படகில் தீவு தீவாகப் போய் மேப்பைத் திறக்க வேண்டும், போகிற வழியில் கார்டு சேர்த்து டெக் (நம் சீட்டுக்கட்டு) கட்ட வேண்டும், அந்த டெக்கை வைத்துத்தான் சண்டை. முதல் டெமோ தயாரானதும் சித்தி பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். இருபது நிமிடம் கழித்து, “எப்படிடா இருக்கு?” “சூப்பர்ணா.” எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கிளம்பிய பிறகு ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தால், முதல் தீவை விட்டே அவன் நகரவில்லை. கரையில் படகு நிற்பது அவன் கண்ணில் படவே இல்லை.

காபி கொடுத்து உபசரித்தவரின் முகத்துக்கு நேராக யார்தான் குறை சொல்வார்கள்? அதனால் “நல்லா இருக்கா?” என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். “கடைசியா எந்த கார்டை வேண்டாம்னு விட்ட? ஏன்?”, “அந்தத் தீவுல இறங்கினதும் எந்தப் பக்கம் போகலாம்னு தோணுச்சு?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு மரியாதைக்காகப் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது, ஆடுபவர் திணறும்போது நாம் வாயைத் திறப்பது. “அங்க க்ளிக் பண்ணுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த டெஸ்ட் அத்தோடு போச்சு. காசு கொடுத்து வாங்குபவர் பக்கத்தில் நாம் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். படகைக் கண்டுபிடிக்காதவர் அந்த 2 மணி நேரம்கூடக் காத்திருக்க மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்காருங்கள். கஷ்டம்தான், எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

எங்களை அதிகம் சுற்றவிட்டது ‘லக்’ என்ற சொல். மாமா ரம்மியில் புலி, கல்யாண வீட்டு மாடியில் விடியவிடிய ஆடுகிறவர். (கார்டு கேம் என்றதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, “காசு வெச்சு ஆடறதா?”) மூன்று தீவு தாண்டியதும் மௌஸைத் தள்ளிவைத்துவிட்டார். “லக்கே இல்லப்பா. வேணுங்கற சீட்டு வரவே மாட்டேங்குது. ஒரு ஜோக்கர் குடுங்களேன்.”

நாங்களும் கொடுத்தோம்! எந்த கார்டாகவும் மாறக்கூடிய ஒன்று. இரண்டு வாரத்தில், கேம் தெரிந்தவர்கள் எல்லோரும் அதை மட்டுமே வைத்து எல்லாச் சண்டையையும் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகுதான் மாமாவின் டெக்கை எண்ணிப் பார்த்தோம். 28 கார்டு. ரம்மியில் ஒன்று எடுத்தால் ஒன்றைக் கழித்தாக வேண்டும், கையில் எப்போதும் 13 தான். இங்கே கழிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சும்மா கிடைப்பதை விடுவானேன் என்று வழியில் வந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். ஆரம்பத்தில் டெக்கில் 10 கார்டு, கைக்கு 5. அப்போது ஒரு குறிப்பிட்ட கார்டு முதல் கையிலேயே வர 50 சதவீத வாய்ப்பு. 28 ஆனதும் அது 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அவர் பட்ட அவஸ்தை நிஜம், அவர் சொன்ன மருந்துதான் தப்பு. ‘வேண்டாம்’ பட்டனை மூலையில் பொடி எழுத்தில் வைத்திருந்தது எங்கள் குற்றம். அதை கார்டு அளவுக்குப் பெரிதாக்கி, பக்கத்திலேயே டெக்கின் எண்ணிக்கையையும் காட்டினோம். ஜோக்கரைத் தூக்கிவிட்டோம்.

அதற்காக லக் பற்றிய புகாரையெல்லாம் புறங்கையால் தள்ளுவதும் தவறு. அந்த 10 கார்டில் 4, எதிரியின் அடியைத் தடுக்கும் கார்டு என்று வையுங்கள். முதல் கையில் ஒன்றுகூட வராமல் போக 42-ல் 1 வாய்ப்பு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு ரன்னில் (தொடக்கம் முதல் முடிவு வரையிலான ஒரு ஆட்டத்தில்) 15 சண்டை என்றால், டெக் அப்படியே இருந்தாலும், ஏறக்குறைய 30 சதவீத ரன்களில் ஒரு தடவையாவது இது நடந்துவிடும். எதிரி முதல் டர்னிலேயே ஓங்கி அடித்தால் அந்த ஆட்கள் கத்தத்தானே செய்வார்கள்? இந்த இடத்தில் எதிரியின் முதல் அடியைக் குறைப்பதுதான் சரி.

இன்னொரு புகார்: “சுத்திப் பாக்க ஒண்ணுமே இல்ல.” எங்களுக்குச் சுருக்கென்றது, 14 தீவு வரைந்து வைத்திருந்தோம். இன்னும் நாலு வரையலாம் என்று ஓவியர் பேப்பரை எடுத்தேவிட்டார். நல்லவேளை, அதற்குமுன் எல்லோருடைய ரூட்டையும் மேப்பில் கோடு போட்டுப் பார்த்தோம். எல்லாக் கோடும் ஏறக்குறைய நேராகக் கடைசித் தீவுக்குப் போயின. ஒதுங்கிப் போனால் ஒரு சண்டை கூடும், இழந்த உயிர் திரும்ப வராது, கிடைப்பதோ டெக்கைக் கனமாக்கும் இன்னொரு கார்டு. அப்படியிருக்க எவன் ஒதுங்குவான்? மேப் பற்றி வந்த புகாரின் வேர் கார்டில் இருந்தது. ஓரத்துத் தீவுகளில் கார்டைக் கழித்துத் தரும் ஒரு கிழவியை உட்காரவைத்தோம், புதுத் தீவு எதுவும் வரையாமலே ஆட்கள் சுற்ற ஆரம்பித்தார்கள். இரண்டு வகை ஆட்டம் கலந்த கேமில் நோவு ஒரு பக்கம், காரணம் மறுபக்கம் என்பது சகஜம்.

எண்களைக் கண்மூடி நம்புவதும் ஆபத்து. ‘ஸ்லே த ஸ்பயர்’ என்ற டெக் கட்டும் கேம் 2017 நவம்பரில் எர்லி ஆக்சஸில் (முடியும் முன்பே விற்பனைக்கு) வந்து 2019 ஜனவரியில் முழுதாக வெளியானது. இடைப்பட்ட நாளில் எந்த கார்டை எடுக்கிறார்கள், எது ஜெயிக்கிற டெக்கில் இருக்கிறது என்று தரவு பார்த்துத்தான் அதைச் சமன்செய்தார்கள். நாங்களும் பார்த்தோம், ‘சூறாவளி’ என்ற கார்டு வைத்திருந்தவர்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். உடனே அதன் பலத்தைக் குறைத்தோம். பிறகுதான் உறைத்தது: அது கடைசித் தீவுக்கு முன்தான் கிடைக்கும். அதுவரை தாக்குப்பிடித்தவர்கள் எப்படியும் ஜெயித்திருப்பார்கள்.

நூறு மணி நேரம் ஆடியவர்கள் கேமைக் கடினமாக்கச் சொல்வார்கள். அவர்களுக்காக வாசற்படியை உயர்த்தாதீர்கள். ஸ்லே த ஸ்பயரில் ஜெயித்தவர்களுக்கென்று, ஏற ஏறக் கடினமாகும் 20 ‘அசென்ஷன்’ படிகள் தனியாக உண்டு, புதிதாக வருபவருக்கு அவை குறுக்கே நிற்காது.

அப்புறம், பக் என்று யாராவது சொன்னால் வெர்ஷன் எண்ணையும் ரன்னின் சீட் (seed) எண்ணையும், அதாவது அந்த ரன்னில் எது எப்போது வரும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணையும், வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதே சண்டையைத் திரும்ப வரவழைக்க முடியாது. கெட்ட ரிவ்யூவுக்கு இராத்திரி பதில் எழுதாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன்.

போன மாதம் மாமா மறுபடி வந்தார். ‘வேண்டாம்’ பட்டனை அவராகவே அழுத்தினார், கிழவியிடம் இரண்டு முறை போனார், 13 கார்டோடு கடைசித் தீவில் ஜெயித்தார். என்ன மாறியிருக்கிறது என்று கேட்டோம்.

“இப்பதான்டா லக்கைச் சரி பண்ணியிருக்கீங்க” என்றார்.