பணியில் இருக்கும் ராணுவத்தினர் பாஸ்போர்ட் எடுப்பது எப்படி?

தரைப்படையோ கடற்படையோ விமானப்படையோ, எதில் இருந்தாலும் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: போவது டியூட்டியிலா, சொந்த வேலையாகவா? அரசாங்கமே பயிற்சிக்கோ பணிக்கோ அனுப்புகிறது என்றால் வெள்ளை அட்டை போட்ட அஃபிஷியல் பாஸ்போர்ட், அதற்கான வேலையை உங்கள் தலைமையகம் தொடங்கிவைக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு துபாயில் இருக்கும் மச்சானைப் பார்க்கப் போக முடியாது. சொந்தப் பயணத்துக்கு எல்லோரும் வைத்திருக்கிற நீல பாஸ்போர்ட்தான், இங்கே சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

படி 1: யூனிட்டில் தாள் வாங்குங்கள்

பலர் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டு அப்புறம் யூனிட் ஆபீஸுக்கு ஓடுகிறார்கள். தலைகீழ். முதலில் ஹெட் கிளார்க்கைப் பாருங்கள். அரசு ஊழியருக்கு மூன்று வழி உண்டு: அடையாளச் சான்று (அனெக்சர் ஏ என்ற படிவம்), தடையில்லாச் சான்று (அனெக்சர் ஜி), 'நான் விண்ணப்பிக்கப் போகிறேன்' என்று மேலதிகாரிக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் கடிதம் (அனெக்சர் எச்). கிடைத்தால் அனெக்சர் ஏ-யை வாங்குங்கள். 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2) பிரிவில் உள்ள, பாஸ்போர்ட்டை மறுக்கக் காரணமாகும் தடை எதுவும் இவருக்கு இல்லை என்று அதிகாரியே அதில் கையெழுத்துப் போடுவதால் பொதுவாக போலீஸ் விசாரணை இருக்காது. நீங்கள் லடாக்கில் இருக்க, ஊரில் வீட்டுக்கு வந்து 'ஆள் எங்கே?' என்று கேட்கிற கூத்து மிச்சம்.

படி 2: பெயரைச் சரிபாருங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு இடி விழுவது இங்கேதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கே. முருகன்', சர்வீஸ் ரெக்கார்டில் 'முருகன் கே', ஆதாரில் 'முருகன் கருப்பையா' என்று இருக்கும், எல்லாம் ஒரே ஆள்தான். பாஸ்போர்ட் படிவம் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுத வேண்டும். சர்நேமை வெற்றாக விட்டு ஒற்றைப் பெயரோடு எடுத்துவிடலாம் என்றால் அதிலும் வம்பு இருக்கிறது, 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருவதற்குக் கட்டுப்பாடு போட்டது. அதனால் அப்பா பெயரை சர்நேமாகப் போடுவதே என் யோசனை. மனைவிக்கும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் பார்ட் டூ ஆர்டரில் (திருமணம், குழந்தை போன்ற குடும்ப விவரங்களை யூனிட் பதிவுசெய்யும் உத்தரவு) அவர் பெயர் என்ன எழுத்தில் ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். திருத்தம் தேவை என்றால் விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள், சர்வீஸ் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் நம் அவசரத்துக்கு நகராது.

படி 3: விண்ணப்பம்

பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் கணக்கு தொடங்கி, வேலை என்ற இடத்தில் 'அரசு' என்றே போடுங்கள். 'தனியார்' என்று போட்டால் சீக்கிரம் வரும் என்று கேன்டீனில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். தகவலை மறைத்து வாங்கிய பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்ய அதே சட்டத்தில் இடமிருக்கிறது, யூனிட்டில் வரும் விசாரணை தனி. 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000. நாட்டில் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம் என்பதால் போஸ்டிங் இருக்கிற ஊரிலேயே முடித்துக்கொள்ளலாம், லீவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

படி 4: நேரில் போகும் நாள்

பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகும்போது எல்லாவற்றுக்கும் அசலும் நகலும் வேண்டும். யூனிட் சான்றில் முத்திரை, தேதி, அதிகாரியின் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று வாசலிலேயே பாருங்கள்.

படி 5: லீவ்

பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக உடனே கிளம்பிவிட முடியாது. யூனிட் கொடுத்த சான்று பாஸ்போர்ட் எடுக்க மட்டும்தான், நாட்டை விட்டுப் போக 'எக்ஸ்-இந்தியா லீவ்' அனுமதி தனியாக வேண்டும். எங்கே, எதற்கு, யார் வீட்டில் தங்குகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள், கோப்பு மேலே போய் வர நாளாகும். நேபாளம், பூட்டானுக்கு வாக்காளர் அட்டையே போதும் என்பது உண்மைதான், ஆனால் பணியில் இருப்பவருக்கு அங்கே போகவும் இந்த அனுமதி வேண்டும். கையெழுத்தான உத்தரவு வந்த பிறகே டிக்கெட் போடுங்கள்.