பெண் குழந்தைகளுக்கு விளையாட்டு உடை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் வீடுகளில் பெண் குழந்தைக்கென்று விளையாட்டு உடையைப் பெரும்பாலும் யாரும் தனியாக எடுப்பதில்லை. தீபாவளிக்கு எடுத்த நெட் கவுன் அடுத்த ஆண்டு அக்குளில் பிடிக்கத் தொடங்கியதும் வீட்டுத் துணியாகிவிடுகிறது. பிறந்தநாளுக்கு யாரோ பரிசளித்த ஜிகினா வைத்த சட்டை, பளபளப்பு மங்கியதும் தெருவில் விளையாடுவதற்கென்று ஒதுக்கப்படுகிறது. அரைநாள் விசேஷத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகத் தைக்கப்பட்ட துணி, சுருங்கி இறுகிய பிறகு, ஓடவும் குதிக்கவும் மரமேறவும் வேண்டிய உடம்பின் மேல் வந்து சேர்கிறது. மற்ற தவறுகள் பலவும் இந்த ஒரு பழக்கத்திலிருந்துதான் பிறக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, பூங்காவின் சறுக்கு மரத்தடியில் கவுனின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தாள். ஏறவில்லையா என்று கேட்டதற்கு, ஏறினால் கவுன் தூக்கும், பாட்டி திட்டுவார் என்றாள். அவளுடைய பெட்டியில் அன்று பதினான்கு உடைகள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூடச் சறுக்கு மரத்தை மனத்தில் வைத்து நான் எடுத்திருக்கவில்லை. மூன்று வயதிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள பெண் குழந்தைகளை மனத்தில் வைத்துக் கீழே எழுதியிருப்பவற்றில் பல, அதற்குப் பிறகு கடைகளிலும் தையல்காரரிடமும் துணி துவைக்கும் கல்லிலும் நான் கற்றுக்கொண்டவை.

வயதைச் சொல்லி அளவு கேட்பது

கடையில் "அஞ்சு வயசுப் பொண்ணுக்கு" என்று கேட்பதும், அவர்கள் "5-6" என்று அச்சிட்ட உடையை எடுத்துப் போடுவதும் வழக்கம். ஆனால் வயது ஓர் அளவே அல்ல. உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணைப்படி, ஐந்து வயது நிறைந்த பெண் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 109 செ.மீ.; ஆயினும் 100 செ.மீ. உயரமுள்ள குழந்தையும் 119 செ.மீ. உயரமுள்ள குழந்தையும் அதே அட்டவணையின் இயல்பான எல்லைக்குள்தான் வருகிறார்கள். இந்த இருவருக்கும் ஒரே உடை எப்படிப் பொருந்தும்? கடைக்குப் போகும் முன் குழந்தையைச் சுவரோடு நிறுத்தி உயரத்தைக் குறித்துக்கொண்டு, மார்புச் சுற்றளவையும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரையுள்ள நீளத்தையும் நாடாவால் அளந்து வைத்துக்கொள்வதே சரியான தொடக்கம்.

அடுத்தது, வளர்கிற பிள்ளை என்று இரண்டு மூன்று அளவு பெரிதாக எடுப்பது. பட்டுப் பாவாடைக்கு இந்தச் சிக்கனம் பொருந்தும். தையல்காரர்கள் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைத்துக் கொடுப்பார்கள், ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டுக் கொள்ளலாம். ஓடி விளையாடும் உடைக்கு இது பொருந்தாது. கால் நீளமான பேண்ட் குதிகாலின் அடியில் மாட்டி விழவைக்கும். அகலமான கழுத்து தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். இந்த வயதில் குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் 6 செ.மீ. வளர்கிறார்கள். உயரத்தை வைத்து அளவிடும் ஐரோப்பிய முறையிலும் 104, 110, 116 என்று படிக்கு ஆறு ஆறாகத்தான் எண்கள் ஏறுகின்றன. ஆகவே ஒரு படி பெரிதாக எடுத்தால் ஓராண்டுக்குப் போதும், அதற்கு மேல் வேண்டியதில்லை. பருத்திப் பின்னலாடை முதல் சில சலவைகளில் நீளவாக்கில் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அளவு சரியா என்பதைக் கண்ணாடி முன் நிறுத்திப் பார்த்துச் சொல்ல முடியாது. கடையிலேயே குழந்தையைக் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். பாண்டி ஆடுவதுபோல் ஒற்றைக் காலில் நான்கு முறை குதிக்கச் சொல்லுங்கள். உட்காரும்போது பின்னிடுப்பு வெளியே தெரிந்தாலோ, கை தூக்கும்போது சட்டை மொத்தமும் மேலேறினாலோ, குதித்து முடித்ததும் அவள் கை தானாகவே துணியைச் சரிசெய்யப் போனாலோ, அந்த உடை விளையாட்டுக்கு ஆகாது.

விரலால் பார்த்துத் துணியை முடிவு செய்வது

மெத்தென்று இருக்கிறது என்று தொட்டுப் பார்த்து எடுப்பதே பெரும்பாலோர் செய்வது. புதுத் துணியின் மென்மை பல நேரங்களில் ஆலையில் ஏற்றிய மெருகுதான். இரண்டு சலவையில் போய்விடும். திருப்பூர்க்காரர்கள் துணியை ஜி.எஸ்.எம். என்ற கணக்கில் பேசுவார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதே அது. விளையாட்டுக்கான பருத்தி டி-ஷர்ட் 150 முதல் 180 வரை இருந்தால் நம் வெயிலுக்கும் தாங்கும், தரையில் உரசுவதற்கும் தாங்கும். அந்த எண் துணிச்சீட்டில் இல்லாவிட்டால், துணிக்குப் பின்னால் கையை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கலாம்; விரல்களின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் சீக்கிரமே கிழிந்துவிடும். துணியை இழுத்துவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். லெகிங்ஸுக்குப் பருத்தியோடு ஐந்து விழுக்காடு அளவுக்கு ஸ்பான்டெக்ஸ் என்னும் இழுபடும் இழை கலந்திருப்பது நல்லது. கலப்பே இல்லாதது முட்டியில் தொங்கிப் போகும். இரண்டு தொடைகளும் சேரும் இடத்தில் சாய்சதுரமாக ஒரு தனித்துண்டு வைத்துத் தைத்திருந்தால், கால் அகட்டும்போது தையல் விட்டுப்போகாது.

நெட், சாட்டின் போன்ற செயற்கை இழைத் துணிகளில் வியர்வை உறிஞ்சப்படாமல் தோலிலேயே தங்கி வியர்க்குருவைக் கூட்டும். தீக்கருகே இவை இன்னும் ஆபத்தானவை: பருத்தியும் எரியும், ஆனால் பாலியெஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீபாவளியன்று புதுக் கவுனை மாட்டிவிட்டு அதே கையோடு மத்தாப்பையும் கொடுக்கிறோமே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது. வெடி வெடிக்கப் போகும் முன் தொங்கல் இல்லாத, உடம்போடு ஒட்டிய பருத்தி உடைக்கு மாற்றிவிட ஐந்து நிமிடம் போதும்.

ரப்பர் போலத் தடித்த பெரிய அச்சு, நெஞ்சு முழுவதும் காற்றை அடைத்துவிடும். கல்லும் ஜமிக்கியும் ஒட்டிய சட்டை வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட தம்பியோ தங்கையோ இருந்தால் வேண்டவே வேண்டாம். உதிர்ந்த கல் நேரே வாய்க்குத்தான் போகும்.

கயிறுகளைக் கவனிக்காமல் விடுவது

நம் கடைகளில் யாரும் கேட்காத, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த உடையில் தொங்குகிற கயிறு எங்கே இருக்கிறது? சறுக்கு மரத்தின் மேல்முனையில் உள்ள சிறு இடுக்கில், கழுத்துக் கயிற்றின் முடிச்சோ குஞ்சமோ மாட்டிக்கொள்ளும். உடம்பு கீழே சறுக்க, கயிறு கழுத்தை இறுக்கும். இவ்வகை விபத்துகளில் குழந்தைகள் இறந்த பிறகே அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் குழந்தைகளின் மேலுடைகளில் தலையை மூடும் தொப்பிப் பகுதியிலும் கழுத்திலும் சுருக்குக் கயிறு கூடாது என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஐரோப்பாவின் இ.என். 14682 என்னும் தரநிலையும் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடைகளில் தலை, கழுத்துப் பகுதிகளில் சுருக்குக் கயிற்றை விலக்குகிறது. திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் குழந்தை உடைகள் இந்த விதிக்கு உட்பட்டவை. நம் ஊர்க் கடைகளிலோ பின்கழுத்தில் நீளக் கயிறும் அதன் நுனியில் கனத்த குஞ்சமும் வைத்த கவுன்களும் சட்டைகளும் சிறு குழந்தைகளின் அளவிலும் தொங்குகின்றன. அழகுக்காக வைத்ததுதான், இருந்தாலும் விளையாட அனுப்பும் உடையில் அதை வெட்டி எடுத்துவிட்டு ஒரு பிரஸ் பட்டன் வைத்துத் தைப்பதே நல்லது. சுடிதாரோடு வரும் துப்பட்டாவும் அப்படியே. சிறுமியின் கழுத்தில் அதைச் சுற்றிவிட்டு ஊஞ்சலுக்கும் ராட்டினத்துக்கும் அனுப்பக் கூடாது.

சக்கரங்களுக்கும் இதே கவனம் வேண்டும். இரு சக்கர வாகனத்தில் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வது, பின்னால் உட்காருபவரின் துணி சிக்கக் கூடாது என்பதற்காகத்தான். குழந்தையின் சிறிய சைக்கிளில் சங்கிலி மூடி பல நேரங்களில் பாதிதான் இருக்கும், அல்லது உடைந்து போயிருக்கும். அகலக் கால் பலாசோவும் கணுக்கால் வரை நீளும் பாவாடையும் அதில் சிக்குவதற்கு ஒரு சுற்று போதும். சைக்கிள் விடும் நேரத்துக்கு முட்டி வரை வரும் ஷார்ட்ஸோ, கணுக்காலில் எலாஸ்டிக் வைத்த பேண்டோதான் ஏற்றது.

பெரியவர்களின் உடையைச் சிறிதாக்கி அணிவிப்பது, அல்லது மூடி மறைப்பது

வயதுக்கேற்ற உடை என்ற பேச்சு வந்தால் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. தோள் திறந்த மேல்சட்டை, வயிறு தெரியும் கிராப் டாப், மெல்லிய நாடா வைத்த உடை என்று பெரியவர்களின் நாகரிகத்தை அப்படியே ஆறு வயதின் அளவுக்குச் சுருக்கி விற்கிறார்கள். அவற்றை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், அவள் உடம்பில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்பதன்று. ஓடும்போது நழுவுகிற தோளையும் மேலேறுகிற விளிம்பையும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் அவள் கைகள் பந்துக்கும் கயிற்றுக்கும் மிஞ்சுவதில்லை. தான் எப்படித் தெரிகிறோம் என்ற நினைப்பு, அது தேவையே இல்லாத வயதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. சட்டையில் அச்சிட்ட ஆங்கில வாசகத்தையும் முழுவதும் படித்துப் பொருள் தெரிந்துகொண்ட பிறகே எடுக்க வேண்டும். பெரியவர்களின் கொஞ்சல் மொழி குழந்தையின் நெஞ்சில் எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

மறுபக்கத்தில், நான்கு வயதுக் குழந்தைக்குச் சித்திரை வெயிலில் முழுக்கை, முழுக்கால், அதன் மேல் ஒரு கோட்டு என்று அடுக்கிவிட்டு, "பொம்பளப் புள்ள, காலை ஒழுங்கா வச்சு உட்காரு" என்று அதட்டுவதும் இதே தவறின் இன்னொரு வடிவம்தான். எப்படி உட்கார்ந்தாலும் கவலை வேண்டாத உடையைக் கொடுத்துவிட்டால் அதட்டலுக்கே வேலை இல்லை. கவுனோ பாவாடையோ அவளுக்குப் பிடிக்குமானால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. உள்ளே தொடையின் பாதி வரை வரும் பருத்தி சைக்கிளிங் ஷார்ட்ஸ் ஒன்றைச் சேர்த்தால் போதும். அன்று சறுக்கு மரத்தடியில் என் மகளுக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான். மாலையில் கொசு கடிக்கும் நேரத்துக்கு முழுக்கால் உடை வேண்டும்தான், ஆனால் அதைக் கொசுவுக்காக என்றே அவளிடம் சொல்லலாம்.

ஷார்ட்ஸ் எடுக்கும்போது சிறுமியர் பிரிவோடு நின்றுவிடுவதும் ஒரு தவறு. ஒரே வயது அச்சிட்ட ஷார்ட்ஸ் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பல கடைகளில் சிறுமியருக்கானது தொடையில் பாதிக்கு மேலேயே நின்றுவிடும், துணியும் மெல்லியதாக இருக்கும், பை இருக்காது, அல்லது பை போலத் தையல் மட்டும் இருக்கும். சிறுவர் பிரிவில் உள்ளது முட்டி வரை வரும். இரண்டு பக்கமும் ஆழமான பை இருக்கும். கூச்சப்படாமல் அங்கிருந்து எடுக்கலாம். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய உடைகளை எடுப்பவர்கள், உடையை உள்பக்கம் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்து, ஓட்டை உள்ள செகண்ட்ஸைத் தள்ளிவிட்டு எடுத்தால், குறைந்த விலைக்கு நல்ல துணி கிடைக்கும்.

தானே கழற்ற முடியாத உடை

முதுகில் ஜிப்பும் கொக்கியும், இடுப்பில் இறுக்கிக் கட்டிய நாடாவும் வைத்த உடையில், கழிப்பறைக்குப் போக வேண்டிய குழந்தை இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கிறது. ஆள் கிடைக்காவிட்டால் அடக்கிக்கொள்கிறாள். இது உடல்நலத்துக்கும் கேடு, பாதுகாப்புக்கும் ஏற்றதன்று. தன் உடையை இன்னொருவர் கழற்றுவதற்கு அவள் பழகவே கூடாது. தலைவழியாக எளிதாக மாட்டக்கூடிய மேல்சட்டையும், தழும்பு விழாத அளவுக்கு அகலமான எலாஸ்டிக் வைத்த கீழுடையும் போதும். வீட்டில் ஒருமுறை அவளே போட்டுக் கழற்றிக் காட்டட்டும்.

நிறத்தில் நான் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். வெளிர் ரோஜாவும் வெள்ளையும் மண்ணில் உட்காரும் குழந்தைக்கு உடை அல்ல, பொறுப்பு. கறை பட்டதற்கு அவள் திட்டு வாங்குவாள். கருநீலம், செம்மண் நிறம், கரும்பச்சை என்று நாலைந்து ஜோடி இருந்தால், மழைக்காலத்தில் துணி காயாத நாட்களிலும் சமாளிக்கலாம். புதுத் துணியின் உள்மடிப்பில் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும். எடுத்து வந்ததும் ஒரு முறை தனியாக அலசிவிட்டு, கழுத்தில் குத்தும் துணிச்சீட்டை நூல் மிச்சமில்லாமல் பிரித்தெடுத்த பிறகே அணிவிக்க வேண்டும். கத்தரியால் வெட்டினால் மீதமிருக்கும் விறைத்த முனை முன்பைவிட அதிகமாகக் குத்தும்.