இன்ஜினை ஏன் முழு பவருக்கு டியூன் செய்து விற்பதில்லை? ஏற்காடு ஏறிக்கொண்டே தெரிந்துகொள்ளலாம்

புது பைக் எடுத்த கையோடு தம்பிமார்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, இதே இன்ஜின்ல இன்னும் நாலு பி.எஸ். எடுக்கலாமாமே, கம்பெனிக்காரன் ஏன் அமுக்கி வச்சிருக்கான்?" எடுக்கலாம் என்பது உண்மைதான். அந்த நாலு பி.எஸ். (குதிரைத்திறன், அதாவது பவரின் அளவு) எங்கிருந்து வருகிறது, அதற்காக எதை இழக்கிறோம் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட முடியும். வண்டி, அதன் மேனுவல், கால்குலேட்டர் உள்ள போன், அடிவாரத்திலிருந்து மேலே போகும் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள், இவை போதும்.

படி 1: மேனுவலில் ஆர்.பி.எம்.மைப் பாருங்கள்

ஓனர்ஸ் மேனுவலில் பவர், டார்க் (சுழற்றும் விசை, அதாவது இழுவை) என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) போட்டிருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் பவரை மட்டும் படித்துவிட்டு ஆர்.பி.எம்.மை விட்டுவிடுவார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 97.2 சி.சி., 8000 ஆர்.பி.எம்.மில் 8.02 பி.எஸ்., 6000-இல் 8.05 நியூட்டன் மீட்டர் டார்க். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-ஐயும் பாருங்கள். 99.7 சி.சி., 6000-இல் சுமார் 4.4 பி.எஸ்., 3500-இல் 6.5 நியூட்டன் மீட்டர். சி.சி. கிட்டத்தட்ட ஒன்றே, பவர் பாதிதான். ஆனால் எக்ஸ்.எல்.லில் கியர் மாற்ற வழியில்லை. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு ஆள் என்று நின்ற இடத்திலிருந்து கிளம்பியாக வேண்டிய வண்டி அது. அதனால்தான் இழுவையைக் கீழேயே, 3500-இலேயே வைத்திருக்கிறார்கள்.

படி 2: கணக்குப் போடுங்கள்

டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் பி.எஸ். கிடைக்கும். ஸ்ப்ளெண்டருக்கு 6000-இல் போட்டால் சுமார் 6.9 பி.எஸ். வரும். 8000-இல் 8.02 பி.எஸ். என்றால், அங்கே டார்க் எவ்வளவு என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். சுமார் 7 நியூட்டன் மீட்டர்தான். அதாவது டார்க் குறைந்திருக்கிறது, சுற்று கூடியதால் பவர் ஏறியிருக்கிறது. சி.சி.யைக் கூட்டாமல், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) போடாமல் பவரை நன்றாகக் கூட்டுவது என்றால் பெரும்பாலும் இதுதான் வழி: இன்ஜினை இன்னும் வேகமாகச் சுற்றவிட்டு, அங்கேயும் டார்க் விழாமல் பிடித்து வைப்பது.

படி 3: மலை எவ்வளவு கேட்கிறது?

கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்தாயிற்று. வண்டி, இரண்டு பேர் எல்லாம் சேர்த்து 250 கிலோ, வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், சாலை 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையைத் தூக்க மட்டும் சுமார் 1.9 பி.எஸ். தேவை. காற்றின் தடை, டயரின் தடை எல்லாம் சேர்த்தாலும் 3 பி.எஸ்.ஸைத் தாண்டாது. எட்டு பி.எஸ். வண்டிக்கு இது பெரிய விஷயமே இல்லை. அப்படியிருந்தும் வளைவில் வண்டி திணறுகிறது. ஏன்? வளைவில் வேகம் விழுந்து, வெளியே வரும்போது இன்ஜின் 8000-இல் இல்லை, மூவாயிரத்துச் சொச்சத்தில் நிற்கிறது. அந்த இடத்தில் கிடைக்கும் டார்க்தான் உங்களை மேலே தூக்கப்போகிறது. மேனுவலில் உள்ள பெரிய எண்ணுக்கு அங்கே வேலையில்லை.

ஆர்.பி.எம். மீட்டர் இருந்தால் பின்னால் இருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள், ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்கட்டும். இரண்டு வளைவுகளுக்கு இடையே எந்தெந்தச் சுற்றில் இன்ஜின் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு, படி 1-இல் பார்த்த எண்களோடு ஒப்பிடுங்கள். உச்ச பவர் உள்ள சுற்றைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள்.

படி 4: மேலே கூட்டினால் கீழே ஏன் குறைகிறது?

இதை நிதானமாகப் படியுங்கள், மீதியெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. 3000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்க 10 மில்லி செகண்ட் ஆகிறது. 9000-இல் 3.3 மில்லி செகண்ட்தான். அவ்வளவு குறைந்த நேரத்தில் சிலிண்டரை நிரப்ப, பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வைத் திறந்தே வைக்க வேண்டும். காற்று வேகமாக வந்துகொண்டிருப்பதால் அந்த உந்தத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறிவிடும். வால்வைத் திறந்து மூடுவது கேம்ஷாஃப்ட் என்னும் தண்டு. அதே கேம்ஷாஃப்ட் 3000-இல் என்ன செய்யும்? காற்றில் அந்த உந்தம் இல்லை. ஏறிவரும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அப்போது டார்க் விழும், ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவது) தடுமாறும், மைலேஜ் குறையும்.

வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் இன்ஜின்கள் இருக்கின்றன. விலை அதிகம். தினமும் வேலைக்குப் போகிறவர் வாங்கும் வண்டியில் கம்பெனி ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

ஒரே குடும்பத்து இன்ஜினை இரண்டு விதமாக டியூன் செய்ததைப் பார்க்க நல்ல உதாரணம் 373 சி.சி. இன்ஜின். கே.டி.எம். 390 டியூக்கில் 9000-இல் 43.5 பி.எஸ். கொடுத்தது. 2016-இல் வந்த டோமினார் 400-இல் அதை 8000-இல் 35 பி.எஸ். என்று இறக்கினார்கள். டோமினார் பெட்டி கட்டிக்கொண்டு தூரம் போகிறவருக்கான கனமான வண்டி. அதில் ஒற்றை கேம்ஷாஃப்ட் வைத்து, உச்ச டார்க்கையும் 7000-இலிருந்து 6500-க்குக் கொண்டுவந்தார்கள். இதைத் திறமைக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படி 5: உங்கள் கையில் இல்லாதவற்றைக் கணக்கில் சேருங்கள்

பெட்ரோல் முதலில். சாதாரண பெட்ரோலின் ஆக்டேனுக்கு (தானாக வெடிக்காமல் தாங்கும் திறனுக்கு) ஓர் எல்லை உண்டு. ஸ்பார்க் வரும் நேரத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினால் பவர் கூடும்தான். ஆனால் சேலத்து மே மாத வெயிலில், இரண்டு பேரோடு, பெரிய கியரிலேயே மலை ஏறினால் இன்ஜினில் 'டக் டக்' என்று நாக்கிங் (கலவை தானாகவே வெடிக்கும் சத்தம்) கேட்கும். அதை வளரவிட்டால் பிஸ்டன் போய்விடும். சின்ன பைக்குகள் பலவற்றில் நாக் சென்சார் கிடையாது, அதனால் பாதுகாப்புக்கான இடைவெளியை முன்கூட்டியே விட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

அடுத்து புகை. கலப்பில்லாத பெட்ரோல் முழுவதும் எரிய, எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அதிக பவர் கிடைப்பது 12.5 முதல் 13 வரை. ஆனால் சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மூன்று விஷவாயுக்களையும் சேர்த்துச் சுத்தம் செய்வது முழுவதும் எரிகிற அந்த அளவை ஒட்டித்தான். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு இதில் விளையாட இடமே இல்லை.

உயரமும் இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே போகும்போது காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். டர்போ இல்லாத இன்ஜினில் பவரும் அதே அளவு குறையும். ஒரே டியூனிங் சென்னைக்கும் ஏற்காட்டுக்கும் லடாக்குக்கும் ஓட வேண்டும்.

தேய்மானத்தை மறந்துவிடாதீர்கள். 8000-இலிருந்து 10,000-க்குச் சுற்றைக் கூட்டினால், பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு தாங்க வேண்டிய இழுவிசை ஒன்றரை மடங்குக்கும் மேல் போகிறது. வாரன்டி கொடுக்கிறவர் அதற்கும் பொறுப்பு.

படி 6: டியூனிங் கடைக்குப் போகுமுன்

முதலில் ஏர் ஃபில்டர், வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கு விடும் இடைவெளி), செயின், டயர் காற்று நான்கையும் சரிபாருங்கள். "இழுவை இல்லை" என்று வருகிற வண்டிகளில் பாதிக் குறை இங்கேயே தீர்ந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வாரன்டியும் இன்சூரன்ஸும் கேள்விக்குள்ளாகலாம்.

இவ்வளவு தெரிந்தும் ரேஸ் டிராக்கில் ஓட்டத் தனியாக ஒரு வண்டி தயார் செய்கிறீர்கள் என்றால், கடைக்காரரிடம் டைனோ கிராஃப் (ஒவ்வொரு ஆர்.பி.எம்.மிலும் பவர், டார்க் எவ்வளவு என்று அளந்து வரைந்த கோடு) கேளுங்கள். மாற்றும் முன் ஒன்று, மாற்றிய பின் ஒன்று, இரண்டும் 3000 ஆர்.பி.எம்.மிலிருந்து கடைசி வரை முழுக்கோடாக இருக்க வேண்டும். உச்ச பி.எஸ். எண்ணை மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டைக் காட்டாத இடத்தில் வண்டியை விடாதீர்கள்.